தேக்கடி: படகா, தெப்பமா, நடையா?

வாசகர் கேள்வி, நவம்பர் 9
டிசம்பர் கடைசியில் தேக்கடி போகிறோம். நான், வீட்டுக்காரர், 12 வயதிலும் 16 வயதிலும் இரண்டு பிள்ளைகள். முன்பு ஒரு தடவை பெரிய படகில் ஏறி, தூரத்தில் நாலு காட்டுமாடு பார்த்ததோடு சரி. மூங்கில் தெப்பத்தில் நாள் முழுக்கப் போகலாம் என்கிறார்கள். காசும் அதிகம். அதில் அப்படி என்ன இருக்கிறது? எதில் போனாலும் ஏரி ஏரிதானே?

நவம்பர் 9, இரவு 10.15
அது ஏரியே இல்லை. ஓடிக்கொண்டிருந்த ஆற்றை மறித்ததால் நிரம்பிய பள்ளத்தாக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் தெப்பத்துக்குக் கொடுத்த காசு வீணாகாது.

முல்லையாறும் பெரியாறும் சேரும் இடத்துக்குக் கீழே முல்லைப் பெரியாறு அணை. 1895-ல் முடிந்தது, பென்னிகுவிக் கட்டியது, அந்தத் தண்ணீரில் விவசாயம் செய்கிற எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதுவரை அங்கே இருந்தது ஆறும் இரு கரைக் காடும்தான். தண்ணீர் ஏற ஏற ஒவ்வொரு ஓடைக்குள்ளும் புகுந்து நின்றுவிட்டது. மேப்பை எடுத்துப் பாருங்கள், விரல்களை அகல விரித்த கை மாதிரி இருக்கும். பெரிய படகு நடுவிரல் ஓரமாகப் போய்த் திரும்பிவிடும். விரலிடுக்குக்குள் என்ன நடக்கிறது என்பது அதில் தெரியாது. அதற்குத்தான் தெப்பமும் நடையும்.

நான் மூன்று தடவை போயிருக்கிறேன். தண்ணீருக்குள் 130 அடி ஆழத்தில் நிற்கிற தேக்கு மரங்களின் நுனிக்கு மேல் தெப்பம் போகும்போது உடம்பு சிலிர்க்கும். நாளை விவரமாக எழுதுகிறேன், இன்று வயலில் வேலை அதிகம்.

நவம்பர் 10, காலை 6.30
சரி, ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்கு வரச் சொல்வார்கள். போனதும், ரத்தம் குடிக்கிற அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்கக் காலுறை தருவார்கள். முழங்கால் வரை வரும் துணிப் பை அது, பேன்ட்டுக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒருவர் வந்து அதன் மேல் மூக்குப்பொடி தூவுவார். ஈரக் காலத்தில் அது இல்லாமல் நடக்க முடியாது. மூக்குப்பொடி பட்டால் அட்டை சுருண்டு விழுந்துவிடும். நாங்கள் பத்துப் பேர், வழிகாட்டிகள் ஐந்து பேர், துப்பாக்கியோடு ஒரு வனக் காவலர். துப்பாக்கியைப் பார்த்ததும் என் தம்பி முகம் வெளுத்தது. வழிகாட்டி சிரித்துக்கொண்டே, "இது யானைக்கு இல்ல தம்பி, நீங்க கத்தாம இருக்கறதுக்கு" என்றார்.

முதலில் ஒரு சின்ன நீர்த்துண்டைத் தெப்பத்தில் கடக்க வேண்டும். அதன் பிறகு நடை. பேச்சு கிடையாது. காடு என்றால் ஒரே இருட்டாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அப்படி இல்லை. கொஞ்சம் சோலை மாதிரி அடர்த்தி, திடீரென்று முழங்கால் உயரப் புல், திரும்பவும் மரம். சேற்றில் மிளாவின், அதாவது கடமானின் குளம்படி. பழைய யானை லத்தியில் ஒரு விதை முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. அதைத் தாண்டும்போது எல்லோரும் தானாகவே சுற்றி நடந்தோம், யாரும் சொல்லவில்லை.

நடையின் முக்கியமான நேரம் ஒரு மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கும்போது வரும். ஏறும் வரை இடது கைப்பக்கம் தண்ணீர். உச்சிக்குப் போனால் தண்ணீரே கண்ணில் படாது. இறங்கினால் வலது பக்கம் வேறொரு தண்ணீர். அப்போதுதான் புரிந்தது, நான் ஏறி இறங்கியது இரண்டு ஓடைகளைப் பிரிக்கிற வரப்பு. ஏரிக்கரையில் நடக்கிறோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நடந்ததோ மலைச்சரிவின் பாதி உயரத்தில். கீழ்ப்பாதி முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கிறது.

அங்கே தெப்பம் கட்டிக் கிடந்தது. நீள மூங்கில்களை வரிசையாகச் சேர்த்துக் கட்டி, மேலே உட்கார ஓர் அடுக்கு. அவர்கள் சங்ஙாடம் என்கிறார்கள். நம்மிடமும் துடுப்பு தருவார்கள், போட்டுத்தான் ஆக வேண்டும். மோட்டார் இல்லாததால் விலங்குகள் நம்மைக் கண்டு ஓடுவதில்லை, தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மேய்கின்றன. பட்ட மரத்தில் பாம்புத்தாரா ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு இருந்தது. பத்தடி தள்ளிப் போகும் வரை அது மடக்கவே இல்லை.

நீர்நாயைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஐந்தாறு சேர்ந்த கூட்டம். ஒன்று சரிந்து கிடந்த கட்டைமேல் ஏறி மீனை இரண்டு கையாலும் பிடித்து, தலையிலிருந்து கடித்துத் தின்றது. எலும்பு நொறுங்கும் சத்தம் தெப்பம் வரை கேட்டது. பெரிய படகில் போன எவனும் இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டான் என்று அடித்துச் சொல்வேன்.

நவம்பர் 10, மதியம்
காலையில் எழுதியதைப் படித்துவிட்டு என் மைத்துனர் போன் போட்டார். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். 9-ஆம் தேதி நான் எழுதிய "130 அடி ஆழம்" தவறு.

நாம் தினமும் செய்தியில் கேட்கிற 130 அடி, 136 அடி, 142 அடி எல்லாம் அணையடியில் ஆற்றுத் தரையிலிருந்து அளந்தது. அணையோ தேக்கடிப் படகுத்துறையிலிருந்து வெகுதூரம் உள்ளே. தேக்கடி இருப்பது பள்ளத்தாக்கின் மேல் விளிம்பில், அங்கே ஆழம் அதைவிட ரொம்பக் குறைவு. மலையைக் குடைந்து நம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் கொண்டுவருகிற சுரங்கத்தின் வாய் 104 அடி மட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள தண்ணீர் நம் பக்கம் வராது, அணையடியிலேயே கிடக்கும். மைத்துனர் ஒரு கணக்கு சொன்னார்: செய்தியில் 130 என்றால் அதில் 104-ஐக் கழித்துவிடு, சுரங்க வாயில் உனக்கு நிற்பது 26 அடிதான்.

இத்தனை வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்து, அதில் நெல் போட்டும் இந்தக் கழித்தலை நான் செய்ததே இல்லை.

நவம்பர் 13
தனிச் செய்தியில் பாதுகாப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2009 செப்டம்பர் 30 அன்று ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு அங்கே கவிழ்ந்து 45 பேர் போய்விட்டார்கள். அந்த வாரம் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் வேறு பேச்சே இல்லை. அதனால் பெரிய படகோ தெப்பமோ, மிதவை உடுப்பை முதலிலிருந்து கடைசி வரை கழற்றாதீர்கள். விலங்கைப் பார்த்த ஆசையில் ஒரே பக்கம் சாயாதீர்கள். தெப்பம் தண்ணீரோடு தண்ணீராகப் படிந்து கிடப்பதால் சட்டென்று கவிழாது. ஆனாலும் வழிகாட்டி "உக்காரு" என்றால் உட்கார்ந்துவிட வேண்டும்.

சின்னப் பிள்ளைகளைத் தெப்பத்தில் ஏற்ற மாட்டார்கள். உங்கள் 12 வயதுக்காரர் விஷயத்தை முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். சென்ட் வேண்டாம்.

நவம்பர் 17, இரவு
"வழிகாட்டிகள் உண்மையிலேயே காட்டு ஆட்களா, வேஷமா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வி கஷ்டமாக இருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்களோடு வந்தவர்களில் மன்னான் பழங்குடி மக்களும் இருந்தார்கள், பளியர் பழங்குடி மக்களும் இருந்தார்கள். குமுளியை ஒட்டி மன்னாக்குடி, பளியக்குடி என்று இரண்டு குடியிருப்புகள். அவர்களின் முன்னோர் காட்டுக்குள் இருந்து இங்கே குடிபெயர்க்கப்பட்டவர்கள். மன்னான்கள் தாங்கள் மதுரைப் பக்கம் பாண்டியனோடு தொடர்புடையவர்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு இன்றைக்கும் ராஜா உண்டு, கட்டப்பனைப் பக்கம் கோழிமலையில் இருக்கிறார். பேச்சு பாதி நம் பேச்சு. துடுப்புப் போட்டுக்கொண்டே என்னோடு ஒருவர் பேசியது கம்பத்து டீக்கடையில் பேசுவது போலவே இருந்தது.

ஏரியில் வலை போடும் உரிமை இந்த இரண்டு மக்களுக்கும் இருக்கிறது. இப்போது வலையில் விழுவது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த மீன்கள், திலேப்பியாவும் கெண்டையும். ஆப்பிரிக்கக் கெளுத்தியும் புகுந்துவிட்டது. பெரியாற்றின் தலைப்பகுதியை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன் இனம் ஒன்று இங்கே உண்டு. ஓடுகிற தண்ணீர்தான் அதற்குப் பிழைப்பு. தேங்கிய தண்ணீர் வெளிமீனுக்குத்தான் வசதி. "பழைய மீனப் பாக்கணும்னா மேல, ஆறு இன்னும் ஆறா இருக்கற எடத்துக்குப் போகணும்" என்றார் அந்த அண்ணன். நான் முதல் நாள் எழுதிய "அது ஏரி இல்லை" என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

வழிகாட்டிகளில் இன்னொரு கூட்டமும் உண்டு. ஒரு காலத்தில் இந்தக் காட்டில் வயணப் பட்டை, அதாவது காட்டு இலவங்கப் பட்டை உரித்துக் கடத்தினவர்கள். வழக்கு, தலைமறைவு, ஜெயில் என்று அலைந்தவர்கள். 1990-களின் கடைசியில் வனத்துறை அவர்களோடு பேசி, சேர்த்துக் குழுவாக்கி, காட்டைக் காக்கவும் ஆட்களைக் கூட்டிப்போகவும் வைத்தது. காட்டுக்குள் தங்கிப் போகும் புலித்தடம் நடையை நடத்துவது அவர்கள்தான். என் இரண்டாவது பயணம் அவர்களோடு. ராத்திரி கூடாரத்துக்கு வெளியே ஒரு சத்தம். நாங்கள் எல்லோரும் யானை என்று நடுங்கினோம். ஒருவர் எழுந்திருக்காமலே, "மிளா, தனியா இருக்கு, தண்ணிக்குப் போகுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். காலையில் போய்ப் பார்த்தோம். ஒரே ஒரு மிளாவின் தடம், தண்ணீரை நோக்கி.

வேஷம் போடுகிற ஆளுக்கு இந்தக் காது வருமா?

நவம்பர் 18
மறந்துவிட்டேன். ஊருக்குள் ஒரு தங்கும் விடுதியில் "முழுநாள் தெப்பம்" என்று எங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, ஒரு ஏலத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டி அனுப்பிவிட்டார்கள். என் முதல் பயணம் அப்படிப் போனது. இந்தக் காட்டை நிர்வகிக்கிற பெரியாறு புலிகள் காப்பகத்தின் சொந்த முன்பதிவில் மட்டும் பதிவு செய்யுங்கள். இடைத்தரகர் வேண்டாம்.

டிசம்பர் 2
இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

நான் போன மூன்று தடவையில் ஒன்று ஜனவரித் தொடக்கம், இன்னொன்று மார்ச். ஜனவரியில் தண்ணீர் நிறைய. மரத்தடி வரை ஏறி நிற்கிறது, கரை என்று ஒன்றே இல்லை. விலங்கு குறைவு, பறவைதான். மார்ச்சில் தண்ணீர் இறங்கி, காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் அகலமாக ஒரு பச்சை வளையம். தண்ணீர் விலகின சேற்றில் முளைத்த இளம்புல். அதில் காட்டுமாடு, மிளா, பன்றி, ஒரு யானைக் கூட்டம் குட்டியோடு. அந்தப் புல்வெளிகளை அவர்கள் வயல் என்றே சொல்கிறார்கள். வெயில் காலத்தில் மலை மேல் புல் காய்ந்து கருகும்போது இந்த வயல்தான் அவற்றுக்குச் சோறு.

நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தத் தண்ணீர் எங்கே போனது? சுரங்கம் வழியாக, லோயர் கேம்ப்பில் மலையில் இறங்குகிற நாலு குழாய் வழியாக, என் வயலுக்குத்தான் வந்தது. சின்ன வயதில் குமுளி மலைப்பாதை பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த நாலு குழாயையும் ஜன்னலில் எட்டிப் பார்ப்போம். அதன் மறுமுனையில் இப்படிப் புல் முளைக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

இதுவரை சந்தோஷம். அப்புறம்தான் நெருடியது. மட்டத்தை உயர்த்த உயர்த்த, உயர்ந்த மட்டத்தில் அதிக நாள் நிறுத்த நிறுத்த, இந்தப் புல் வளையம் தண்ணீருக்குள் போகும். அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த 2014-ல் நான் பட்டாசு வெடித்தவன். வெடித்ததற்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு இந்தப் புல் தெரியாது.

டிசம்பர் 3
எதிர்பார்த்தது போலவே திட்டு. உத்தமபாளையத்துப் பெரியவர் ஒருவர், "சோறு போடுற தண்ணிக்கே துரோகமா" என்று கேட்டிருக்கிறார். ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைகிற 14,707 ஏக்கரில் எங்கள் வீட்டு நிலமும் சேர்ந்ததுதான். ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கும்போது அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர்களில் நானும் ஒருவன். தண்ணீர் வேண்டாம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. மட்டத்தைக் கோர்ட்டும் அரசும் முடிவு செய்யட்டும்.

நான் சொல்வது இவ்வளவுதான்: நம் வாய்க்காலுக்குத் தலைமாடு எது என்று ஒரு தடவையாவது நடந்துபோய்ப் பாருங்கள். நம் ஊரிலிருந்து திருப்பதிக்கு நடக்கிறார்கள், பழனிக்கு நடக்கிறார்கள். நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற இந்தத் தண்ணீரின் வீட்டைப் பார்க்காமலே சாகிறவர்கள் எத்தனை பேர்! என் அப்பா பார்க்கவில்லை. எண்பது வயது வரை மடை திறந்தவர், அணைப் பக்கமோ காட்டுப் பக்கமோ ஒரு நாள் போனதில்லை. அவரைக் கூட்டிப்போகாதது எனக்கு ஆறவில்லை.

ஜனவரி 4
கேள்வி கேட்ட அம்மா போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார். பெரிய பையனும் அப்பாவும் தெப்பம், இவரும் சின்னவரும் காலை நடை. தண்ணீர் நிறைய இருந்ததாம், யானை இல்லை. நீர்நாயும் இல்லை என்பதில்தான் எனக்கு வருத்தம். நடையில் போன சின்னவர் மலை இருவாச்சி பறக்கும் சத்தத்தைக் கேட்டிருக்கிறார், ரயில் எஞ்சின் மாதிரி "ஹூஃப் ஹூஃப்" என்றதாம். சரியாகச் சொல்லியிருக்கிறார், அப்படித்தான் இருக்கும். அதைக் கேட்டவருக்கு யானை பார்க்காதது நஷ்டமில்லை.

பெரிய பையனின் கேள்வி: "125 வருஷம் தாண்டியும் அந்த மரங்கள் எப்படி விழாமல் நிற்கின்றன?" எப்போதும் நீருக்குள் இருக்கிற பகுதிக்குக் காற்றுப் படாது. காற்றில்லாமல் மரத்தை அரிக்கிற பூஞ்சை வளராது. ஒரு நேரம் நனைந்து ஒரு நேரம் காய்கிற நடுப்பகுதிதான் முதலில் தேயும். அடுத்த தடவை பாருங்கள், பல மரங்கள் இடுப்பில் ஒடுங்கி இருக்கும்.

இதோடு இன்னொரு திருத்தம். முதல் நாள் தேக்கு மரங்கள் என்று எழுதியிருந்தேன். தேக்கடி என்ற பெயரை வைத்து நானாக நினைத்துக்கொண்டது அது. வழிகாட்டியிடம் கேட்டேன், ஆற்றங்கரைக் காட்டில் இருந்த பல வகை மரங்கள் என்றார்.

சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள்
கால் வலியோடு எழுதுகிறேன். நேற்று மங்கலதேவி கண்ணகி கோயில். அதுவும் இந்தப் புலிகள் காப்பகத்துக்குள்தான் இருக்கிறது. வருடத்தில் இந்த ஒரு நாள் மட்டும் திறப்பார்கள். குமுளியிலிருந்து ஜீப் போகும். நாங்கள் மலையடியில் நம் பக்கம் இருக்கிற பளியன்குடியிலிருந்து ஏறினோம், ஆறேழு கிலோமீட்டர், எல்லாம் செங்குத்து.

மேலே போய்த் திரும்பி நின்றால் கிழக்கே நம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், தென்னந்தோப்பு, அறுப்பு முடிந்த வயல், எல்லாம் வெயிலில் மங்கலாக. மேற்கே காடு, அலை அலையாக. இந்த ஒரு முகட்டுக்குத்தான் இத்தனை பாடு என்று அப்போதுதான் தோன்றியது. மேற்கே விழுந்த மழை அரபிக்கடலுக்குப் போக வேண்டியது. மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். படித்தது வேறு. தெப்பத்தில் அந்தப் பக்கத்தையும் காலால் இந்தப் பக்கத்தையும் தொட்டுவிட்டு நடுவில் நிற்பது வேறு.

இறங்கும்போது முன்னால் ஒரு பாட்டி, செருப்பில்லாமல். "எத்தனாவது தடவை பாட்டி?" என்றேன். "எண்ணல சாமி" என்றார்.

ஜூன் 3
மழை தொடங்கும் முன் யாராவது தெப்பம் போனீர்களா? மழைக்காலத்தில் அட்டை அதிகம், மூக்குப்பொடி இரண்டு டப்பா வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றாம் தேதி தண்ணீர் திறந்துவிட்டார்கள். இன்று விடிகாலை எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. முதல் தண்ணீர் எப்போதும் போல் சருகும் நுரையுமாக. மகன் கேட்டான், இதில் நீர்நாய் வருமா என்று. குழாய்க்குள் எப்படிடா வரும் என்றேன். அப்படியென்றால் நாமே போகலாம் என்றான். அறுப்பு முடிந்ததும் இரண்டு பேருக்கும் பதிவு செய்ய வேண்டும், அவனுக்கு இன்னும் வயது போதுமா என்று கேட்டுச் சொல்கிறேன்.